ஊரார் அரிசியில் வளர்ந்த தமிழ்த் தாத்தா

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் பெருஞ்சாலையில் உள்ள ஊர் பாடாலூர். பூமலை சஞ்சீவிராயரைக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறவர்களை அங்கே எப்போதும் காணலாம். பாடாலூருக்குக் கிழக்கே, சிறிது தூரத்தில், காரை என்று ஒரு கிராமம் இருக்கிறது.

ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்னால் அந்தக் கிராமத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். இருபது வயதுகூட நிரம்பவில்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு. கலியாணம் ஆகிவிட்டது. கலியாணத்துக்கு வாங்கிய கடனும் தீரவில்லை. கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். கையில் காசு இல்லை. அவரிடம் இருந்த செல்வம் ஒன்றே ஒன்றுதான். அது அவர் படித்த தமிழ்.

அந்தத் தமிழைக் கொண்டு கடனை அடைக்க முடியுமா?

காரையில் கிருஷ்ணசாமி ரெட்டியார் என்ற பெரியவர் இருந்தார். அவருடைய ஆதரவில் இளைஞர் திருவிளையாடற் புராணம் சொல்லத் தொடங்கினார். மதுரைச் சொக்கநாதரின் லீலைகளை ஊரார் கூடிக் கேட்டார்கள். புராணம் நிறைவேறியதும் தங்களால் இயன்ற சன்மானத்தைக் கொடுத்தார்கள். கடன் பாரம் குறைந்தது. இளைஞர் மறுபடியும் படிக்கப் போனார்.

அன்று அந்த உதவி கிடைக்காமல் போயிருந்தால்? அவர் படிப்பை விட்டுவிட்டுக் கணக்கு எழுதப் போயிருக்கலாம். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் புறநானூறும் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்குமா என்பதே சந்தேகம்.

அந்த இளைஞர்தான் பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று பெயர் பெற்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

சங்கீத வித்துவான் மகன்

பழைய தஞ்சை ஜில்லாவில் பாபநாசத்துக்கு அருகே இருந்த ஊர் உத்தமதானபுரம். அதுவே சாமிநாதையரின் சொந்த ஊர். 1855-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை வேங்கடசுப்பையர். தாயார் சரசுவதி அம்மாள். பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் அழைத்த பெயர் சாமிநாதன். பிற்காலத்தில் இந்தப் பெயரே நிலைத்தது.

வேங்கடசுப்பையர் ஒரு சங்கீத வித்துவான். அவருடைய குரு கனம் கிருஷ்ணையர். கனம் என்பது பாடுவதற்கு மிகக் கடினமான ஒரு மார்க்கம். அதைக் கற்றுத் தேர்ந்ததால்தான் கிருஷ்ணையருக்கு அந்தப் பட்டம் வந்தது. இவர் வேங்கடசுப்பையருக்கு உறவினரும் ஆவார்.

கனம் கிருஷ்ணையரை ஆதரித்தவர்கள் உடையார்பாளையம் ஜமீன்தார்கள். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள உடையார்பாளையம் அந்நாளில் சங்கீதத்துக்கும் தமிழுக்கும் பேர் போன இடம். புலவர்களும் பாடகர்களும் அந்த அரண்மனையைத் தேடி வருவார்கள்.

அந்தக் காலத்தில் கலைகளை வளர்க்கச் சர்க்கார் இலாகா கிடையாது. அகாடமி கிடையாது. சபா கிடையாது. டிக்கெட் வாங்கிக் கச்சேரி கேட்கும் வழக்கமும் கிடையாது. ராஜாவோ, ஜமீன்தாரோ, மடாதிபதியோ மனம் வைத்தால் வித்துவானுக்குச் சோறு. அவர்கள் மனம் மாறினால் பட்டினி.

கனம் கிருஷ்ணையருக்கே ஒரு சமயம் அந்த நிலை வந்தது. ஜமீன்தாருடைய கவனம் அவர்மேல் குறைந்தது. வித்துவான் வாய் திறந்து குறை சொல்லலாமா? கூடாது. ஆகவே, நாயகி தன் நாயகனிடம் பழைய அன்பை நினைவூட்டி முறையிடுவது போல ஒரு பதம் பாடினார். ஜமீன்தாருக்குப் பொருள் விளங்கிற்று. மறுபடியும் ஆதரவு கிடைத்தது.

பாட்டு நன்றாக இருந்ததால் வித்துவான் பிழைத்தார். ஆனால் எல்லா வித்துவான்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா?

ஊர் ஊராக

வேங்கடசுப்பையர் அரியலூரில் குடியேறினார். அரியலூர் ஜமீனில் அவருக்கு ஆதரவு கிடைத்தது. சாமிநாதன் சிறு பிள்ளையாக அந்த ஊரில் வளர்ந்தான். அங்கே சடகோபையங்கார் என்ற பெரியவர் இருந்தார். சங்கீதமும் தமிழும் தெரிந்தவர். அவரிடம் சாமிநாதன் பாடம் கேட்டான். தமிழில் ருசி உண்டானது அந்தப் பெரியவரால்தான்.

ஆனால் ஜமீனை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியவில்லை. குடும்பம் ஊர் மாறத் தொடங்கியது. குன்னம், கார்குடி, பெரும்புலியூர் என்று பல ஊர்களில் தங்க நேர்ந்தது. பெரும்புலியூர் என்பது இன்றைய பெரம்பலூர்.

போன இடத்தில் எல்லாம் வேங்கடசுப்பையர் கதை சொன்னார். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனங்களைப் பாடிப் பொருள் சொல்வார். கதை பல நாள் நடக்கும். அதுவரை குடும்பத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் ஊராருடைய பொறுப்பு. கதை முடிந்து இராமருக்குப் பட்டாபிஷேகம் நடக்கும் நாளில் ஊரார் கூடிச் சன்மானம் கொடுப்பார்கள். அதுதான் வருமானம். பிறகு வேறு ஊர்.

கொடுத்தவர்கள் யார்? பெரிய பணக்காரர்களா? இல்லை. குடியானவர்கள். கணக்குப் பிள்ளைகள். சிறு மிராசுதார்கள். மானம் பார்த்த பூமியில் கம்பும் சோளமும் விளைவித்து வாழ்ந்த ஜனங்கள். மழை பொய்த்தால் அவர்களுக்கே கஷ்டம். அப்படியிருந்தும் பாட்டுக்காரர் குடும்பத்துக்குப் படி அளந்தார்கள்.

அரிசி கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. பிள்ளைக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை என்பவர் திருவிளையாடற் புராணம் சொல்லித் தந்தார். கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார் நன்னூல் கற்பித்தார். பெரம்பலூருக்குப் பக்கத்தில் உள்ள செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்ற பெரியவர் இருந்தார். செய்யுள் இயற்றுவதற்குரிய இலக்கணத்தைச் சொல்லும் யாப்பருங்கலக் காரிகையை அவர் சாமிநாதனுக்குக் கற்பித்தார்.

இவர்களில் ஒருவரும் சம்பளம் கேட்கவில்லை. பிள்ளைக்குத் தமிழில் ஆசை இருக்கிறது, நமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்போம் என்று நினைத்தார்கள். அவ்வளவுதான்.

தமிழால் என்ன லாபம்?

சாமிநாதனுக்கு 1868-ம் ஆண்டில் விவாகம் நடந்தது. அந்தக் காலத்தில் பால்ய விவாகமே வழக்கம். மணமகள் பெயர் மதுராம்பாள். பையனுக்குப் பதின்மூன்று வயதுதான். விவாகத்துக்குத் தந்தையார் கடன்பட்டார்.

உறவினர்கள் யோசனை சொல்லத் தொடங்கினார்கள். இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம் கிடைக்கும், சம்ஸ்கிருதம் படித்தால் பரலோகத்துக்கு வழி உண்டு, தமிழ் படித்தால் இரண்டும் இல்லை என்று சிலர் சொன்னார்கள். கணக்கு வேலை கற்றுக்கொண்டு சம்பாதிக்கட்டும் என்றார்கள் வேறு சிலர். சங்கீதம் பயின்றால் போதும் என்பது தந்தையார் விருப்பம்.

சாமிநாதனுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. தமிழ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான்.

அப்போது தமிழ்நாட்டில் தமிழ்ப் புலமைக்கு ஒரு பெரிய பெயர் இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தலபுராணங்கள் பல பாடியவர். வாயால் சொல்லிக்கொண்டே போவார். பக்கத்தில் இருப்பவர் ஏட்டில் எழுதுவார். அவரிடம் பாடம் கேட்டால்தான் இந்தப் பிள்ளையின் பசி அடங்கும் என்று விருத்தாசல ரெட்டியார் கருதினார். தமக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மேலே போ என்று மாணவனை அனுப்பி வைக்கும் மனம் எத்தனை ஆசிரியர்களுக்கு வரும்!

1871-ம் ஆண்டில் வேங்கடசுப்பையர் மகனை அழைத்துக்கொண்டு மாயூரம் சென்றார். மகாவித்துவான் மாணவனாக ஏற்றுக்கொண்டார். மாயூரத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். தந்தையார் விருப்பப்படி அவரிடம் சாமிநாதன் சங்கீதமும் பயின்றான். மகாவித்துவானுக்குச் சங்கீதத்தில் பிரியம் இல்லை. அது தெரிந்ததும் சாமிநாதன் பாட்டுப் பாடத்தை நிறுத்திவிட்டான். தமிழுக்காகச் செய்த முதல் தியாகம் அது.

மடத்துச் சோறு

மகாவித்துவான் திருவாவடுதுறை ஆதீன வித்துவான். அங்கே ஆதீனத் தலைவராக விளங்கியவர் சுப்பிரமணிய தேசிகர். தமிழும் வடமொழியும் சங்கீதமும் அறிந்தவர். வித்துவான்கள் வந்தால் அவருக்குப் பண்டிகை வந்த மாதிரி. மடத்தில் படித்த மாணவர்களுக்கு உணவும் இருப்பிடமும் கிடைத்தன.

சாமிநாதையருக்கு இடையில் காய்ச்சல் வந்ததும், கடன் நெருக்கியதும், காரையில் புராணம் சொன்னதும் இந்தக் காலத்தில்தான். மறுபடியும் செங்குணம் விருத்தாசல ரெட்டியாரே வழி காட்டினார். அன்று கற்றுக் கொடுத்தவர் இன்று பிழைக்கவும் வழி செய்தார்.

1876-ம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி மகாவித்துவான் காலமானார். எத்தனையோ பிரபுக்களைப் பற்றிப் பாடியவர், எத்தனையோ கோயில்களுக்குப் புராணம் செய்தவர், கடன் தொல்லையோடுதான் கண்ணை மூடினார். ஒரு பெரும் புலவரின் கதி இப்படி என்றால், அவரை நம்பி வந்த மாணவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

சுப்பிரமணிய தேசிகர் கைவிடவில்லை. தாமே பாடம் சொன்னார். சாமிநாதையருடைய குடும்பம் வசிக்கத் திருவாவடுதுறையில் ஒரு வீடும் கட்டிக் கொடுத்தார். ஊர் ஊராகப் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு அலைந்த குடும்பத்துக்கு நிழல் கிடைத்தது.

1880-ம் ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் அரசாங்கக் காலேஜில் தமிழ்ப் பண்டிதர் வேலை காலியாயிற்று. அதில் இருந்தவர் தியாகராச செட்டியார். அவரும் மகாவித்துவானின் மாணவரே. ஓய்வு பெறும்போது, தமக்குப் பதில் சாமிநாதையரை நியமிக்கும்படி சிபாரிசு செய்தார். வேலை கிடைத்தது. மாதம் பிறந்தால் சம்பளம்! வேங்கடசுப்பையர் வாழ்நாளில் காணாத அதிசயம் அது. பிற்காலத்தில் சாமிநாதையர் சென்னையில் வாங்கிய வீட்டுக்குத் தியாகராஜ விலாசம் என்று பெயர் வைத்தார். நன்றி மறவாத உள்ளம்!

ஒரு கேள்வி

வேலை கிடைத்தது, வயிறு நிறைந்தது. இனி நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? விதி வேறு விதமாக இருந்தது.

அதே 1880-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி சாமிநாதையர் ஒரு முன்சீப்பைப் பார்க்கப் போனார். அவர் பெயர் சேலம் இராமசாமி முதலியார். என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார். சாமிநாதையர் தாம் படித்த அந்தாதிகளையும் உலாக்களையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இதெல்லாம் சரி, பழைய நூல்கள் படித்ததுண்டா என்று கேட்டார். சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று பெயர்களையும் சொன்னார்.

சாமிநாதையர் திகைத்துப் போனார். அந்த நூல்களை அவர் கண்ணால் கூடக் கண்டதில்லை!

முதலியார் ஒரு சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். சாமிநாதையர் அதை எடுத்துப் படித்தார். புரியவில்லை. அது ஜைன சமயக் காப்பியம். ஆகவே கும்பகோணத்தில் இருந்த ஜைனர்களின் வீடு தேடிப் போய் அவர்கள் சமயத்தைக் கற்றுக்கொண்டார். பல இடங்களிலிருந்து ஏடுகளை வரவழைத்தார். ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்த்தார். கறையான் அரித்த ஏடு, முறிந்த ஏடு, முதலும் முடிவும் இல்லாத ஏடு! ஓர் எழுத்துக்காகப் பல நாள் யோசித்தார்.

உரையோடு கூடிய சிந்தாமணி சுத்தமான வடிவத்தில் ஆயிற்று. இனி அச்சிட வேண்டும். பணத்துக்கு எங்கே போவது?

கையொப்பப் புத்தகம்

இங்கேதான் பழைய நாட்கள் கைகொடுத்தன.

ஒரே பிரபு முழுச் செலவையும் கொடுப்பார் என்று அவர் காத்திருக்கவில்லை. கையொப்பம் வாங்கத் தொடங்கினார். புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, எனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று வாசகர்கள் கையெழுத்துப் போடுவார்கள். சிலர் முன்பணம் தருவார்கள். சிலர் புத்தகம் வந்தபின் கொடுப்பார்கள். சேலம் இராமசாமி முதலியாரும் கையொப்பம் சேர்க்க உதவினார்.

நன்றாக யோசித்துப் பார்த்தால் இது புது வழி அல்ல. குன்னத்திலும் கார்குடியிலும் ஊரார் வீட்டுக்கு ஒரு படி அரிசி சேர்த்துப் பாட்டுக்காரரை ஆதரித்தார்களே, அதே வழிதான். அப்போது அரிசி; இப்போது கையெழுத்து. பலர் சேர்ந்து சிறிது சிறிதாகக் கொடுத்தால் ஒரு பெரிய காரியம் முடியும் என்பது அவர் சிறு வயதிலேயே கண்ட உண்மை.

ஆனாலும் எளிதாக முடியவில்லை. சென்னையில் அச்சுக்கூடம்; கும்பகோணத்தில் வேலை. விடுமுறை விட்டால் சென்னைக்கு ஓடுவார். பகலும் இரவும் புரூப் திருத்துவார். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் பணம் அனுப்பவில்லை. காகிதத்துக்கும் அச்சுக் கூலிக்கும் கடன் வாங்கினார். அப்போது பழைய நூல்களைப் பதிப்பித்துப் புகழ் பெற்றிருந்த யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை, சிந்தாமணியைத் தாமே பதிப்பிப்பதாகக் கேட்டார். கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது. ஆனால் இத்தனை நாள் உழைத்த உழைப்பை விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. தாமே செய்து முடிப்பது என்று உறுதி கொண்டார்.

1887-ம் ஆண்டில் சீவகசிந்தாமணி வெளிவந்தது. ஊர் ஊராக அலைந்த பாட்டுக்காரரின் மகன், ஆயிரம் ஆண்டுப் பழமையான காப்பியத்தைத் தமிழர் கையில் கொடுத்துவிட்டார்! அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சுப்பிரமணிய தேசிகர் காலமானார். வீடு கட்டிக் கொடுத்த வள்ளல் தம் மாணவரின் பெருமையைப் பார்த்துவிட்டே போனார்.

ஒன்றன்பின் ஒன்றாக

பிறகு தடை ஏது? 1889-ல் பத்துப்பாட்டு. 1892-ல் சிலப்பதிகாரம். 1894-ல் புறநானூறு. 1898-ல் மணிமேகலை. அதன்பின் ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல், பெருங்கதை, குறுந்தொகை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நூல்களை அவர் வெளியிட்டார்.

ஏடு தேடி அவர் போகாத ஊர் இல்லை. ரயிலிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சென்றார். சிலர் உபசரித்தார்கள். சிலர் ஏட்டைக் காட்ட மறுத்தார்கள். சில ஊர்களில் அவர் போவதற்கு முன்பே ஏடுகள் அழிந்து போயிருந்தன. அதைக் கேட்டு மனம் நொந்து திரும்புவார்.

பழைய முறையில் ஆதரித்த பிரபுக்களும் இருந்தார்கள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் நூல் பதிப்புக்குப் பொருளுதவி செய்தார். அவர் 1901-ம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். ஒரு பிரபு ஒரு புலவருக்குக் கொடுப்பது என்ற நிலை மாறி, பலருக்குப் பயன்படும் ஒரு சங்கம் அமைப்பது என்ற நிலை அப்போதே தொடங்கிவிட்டது.

1903-ம் ஆண்டில் சாமிநாதையர் சென்னை மாகாணக் கல்லூரிக்கு மாறினார். 1906-ல் அரசாங்கம் மகாமகோபாத்தியாயர் பட்டம் அளித்தது. 1919-ல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை. ராஜா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை தலைவராக இருந்தார். 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது.

தம்மை வளர்த்தவர்களை அவர் மறக்கவில்லை. ஆசிரியர் மகாவித்துவானின் சரித்திரத்தை 1933, 1934-ம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோரின் வரலாறுகளையும் எழுதினார். 1940 ஜனவரி முதல் ஆனந்த விகடனில் தம் வாழ்க்கையையே தொடராக எழுதினார். சடகோபையங்காரும் சிதம்பரம் பிள்ளையும் விருத்தாசல ரெட்டியாரும் காரை கிருஷ்ணசாமி ரெட்டியாரும் இன்று நமக்குத் தெரிவது அதனால்தான். அரிசி கொடுத்தவர்களுக்கு அவர் அழியாத பெயரைத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசி நாட்கள்

1942-ம் ஆண்டு. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சென்னையில் ஜப்பான் குண்டு விழும் என்ற பீதி. ஜனங்கள் நகரத்தைக் காலி செய்தார்கள். 87 வயதுக் கிழவர் தம் உயிரைவிட ஏடுகளுக்காகவே கவலைப்பட்டார். ஏடுகளோடு திருக்கழுக்குன்றம் போனார். அங்கேயே ஏப்ரல் 28-ந் தேதி காலமானார். சுயசரிதை முடியாமல் நின்றது.

அவர் சேர்த்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் என்ன ஆகும்? 1943-ல் சென்னை அடையாற்றில் அவர் பெயரால் ஒரு நூல் நிலையம் தொடங்கப்பட்டது. அதற்குத் துணை நின்றவர் கலாக்ஷேத்திரம் நிறுவிய ருக்மிணி தேவி. அந்த நூல் நிலையம் பிற்பாடு பெசன்ட் நகருக்கு மாறியது.

இன்று கலைகளை ஆதரிக்கச் சர்க்கார் அமைப்புகள் இருக்கின்றன. 1953-ல் டில்லியில் சங்கீத நாடக அகாடமி தொடங்கியது. 1955-ல் சென்னை ராஜ்யத்தில் தோன்றிய சங்கமே இப்போது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமாக விளங்குகிறது. வேங்கடசுப்பையர் காலத்தில் இவற்றில் ஒன்றாவது இருந்திருந்தால் அவர் அத்தனை ஊர் அலைந்திருக்க மாட்டார்.

ஆனால் இவை எல்லாம் வருவதற்கு முன்பே, பெயர் தெரியாத குடியானவர்கள் அந்தக் கடமையைச் செய்தார்கள். அவர்கள் சிலப்பதிகாரத்தைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஒரு பாட்டுக்காரர் பசியோடு இருக்கக் கூடாது, ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாடாலூர் வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே கிழக்கே ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம். காரையும் செங்குணமும் குன்னமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பழந்தமிழ்ச் செல்வம் நமக்குத் திரும்பிக் கிடைத்ததில் அந்த ஊர்களுக்கும் பங்கு உண்டு.